மனைக்கல்லில் ஏறிய புடலை

பேரூராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு மனித குலத்தின் மீது பெரிய மரியாதை எதுவும் மிஞ்சியிருக்காது. வரி கட்ட மாட்டேன் என்று கத்திக்கொண்டு வருகிறவன், குறைத்துக் கட்ட வழி கேட்டு வருகிறவன், செத்துப்போன அப்பா பேரிலேயே இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறவன் என்று எல்லா ரகத்தையும் பார்த்தாயிற்று. மனு எழுதித் தருவதும் என் தொழில் என்பதால் அவர்கள் அத்தனை பேருடைய வயிற்றெரிச்சலும் என் மேசை வழியாகத்தான் எதிர்ப்பக்கம் போகும். ஆனால் கட்டிய வரியை ரத்து செய்யச் சொல்லி வந்தவள் ஒருத்திதான். அவள் நெல்லிக்கரணை பிரபாவதி.

சித்திரை வெயிலில் வந்து நின்றாள். புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு ரசீதை மேசையில் வைத்தாள்.

"அண்ணாத்த, இத்த கேன்சல் பண்ணணும். இன்னா எழுதணுமோ எழுது."

எடுத்துப் பார்த்தேன். காலிமனை வரி, அரையாண்டுக்கு, முழுவதும் செலுத்தப்பட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, அவனவன் கட்டுனதுக்கு ரசீது வரலன்னு அழுதுகினு கீறான். நீ வந்த ரசீத வேணாங்கற?"

"நான் கட்டல. என் கொழுந்தன் கட்டிகீறான். அது மனையும் இல்ல. கழனி. நான் புடலங்கா வெக்கற கழனி."

சொன்ன விதத்தில் சிரிப்பு அடங்கிப்போனது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

நெல்லிக்கரணை திருப்போரூரிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி இருக்கிற ஊர். சமீபம் வரை தனி ஊராட்சி. பிறகு ஒரு நாள் எங்கள் பேரூராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். பெயர்ப்பலகை மாறியது. குழாயில் தண்ணீர் வருகிற லட்சணம் மாறவில்லை. கிராமமாக இருந்தவரை நிலத்துக்குக் கிஸ்தி கட்டினால் போதும், அது டீ செலவுக்குக்கூடக் காணாது. பேரூராட்சி என்று ஆனதும் கட்டடம் இல்லாத நிலத்துக்குக் காலிமனை வரி என்று ஒன்று வந்து நின்றது. அதில் ஒரு சலுகை உண்டு. விவசாயம் நடக்கிற நிலத்துக்கு அந்த வரி கிடையாது. நல்ல விதிதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் விவசாயம் நடக்கிறது என்று யார் வந்து பார்ப்பது, எந்த மாதத்தில் வந்து பார்ப்பது என்பதில்தான் இருக்கிறது வம்பெல்லாம்.

பிரபாவதி பிறந்தது அச்சரப்பாக்கம் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் கூலிக்கு நடவு போனவர்கள். கோழி கீறக்கூட அவர்களுக்குச் சொந்தமாக மண் கிடையாது. நெல்லிக்கரணை வெங்கடேசனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தபோது, மாப்பிள்ளை வீட்டில் ஒரு ஏக்கரும் கொஞ்சமும் இருக்கிறது என்பதைத்தான் அவளுடைய அப்பா ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டாராம். வெங்கடேசன் மறைமலைநகரில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறான். விடிவதற்குள் போய் இருட்டியபின் வருகிறவன். மாமனார் கண்ணை மூடியதும் நிலம் அவனுக்கும் தம்பி சுதாகருக்கும் கூட்டுப் பட்டாவாக வந்தது. பட்டாவில் இரண்டு ஆண்களின் பேர். மண்ணில் இறங்கியது இவள் ஒருத்தி.

நெல்லில் ஒன்றும் தேறவில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள், இவளுக்கு அந்த உழக்கையும் எலி தின்றது. அப்புறம்தான் பந்தல் காய்க்கு மாறினாள். புடலை, பாகல், பீர்க்கன். காலையில் திருப்போரூர் கடைகளுக்குக் கொஞ்சம், மீதி மாமல்லபுரம் பக்கம் கடற்கரை ஓட்டல்களுக்கு. திரும்பும்போது மீனவக் குப்பத்தில் காய் கொடுத்து மீன் வாங்கிக்கொண்டு வருவாள். குப்பத்துப் பெண்கள் அவளுடைய பீர்க்கங்காய்க்காகக் காத்திருப்பார்கள், இவள் சங்கரா மீனுக்காகக் காத்திருப்பாள். இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

பந்தலில் ஒரே தொல்லை, கம்பு. சவுக்குக் கம்பை மண்ணில் நட்டால் கரையான் விடாது. இரண்டு வருடத்தில் அடி செல்லரித்துக் காய்த்த பந்தல் அப்படியே தலையில் இறங்கும். அந்தச் சமயத்தில்தான் பக்கத்துக் கொல்லையில் ஒரு மனைப்பிரிவு கவிழ்ந்தது. ஏதோ ஒரு நகர் என்று பேர் வைத்து, வளைவு கட்டி, கொடி பறக்கவிட்டு, அனுமதி வராமல் மனை போட்ட ஆள் காணாமல் போய்விட்டான். நிலத்துக்காரர் கொடுத்த நிலத்தை வழக்குப் போட்டுத் திரும்ப வாங்கினார். உள்ளே மனைக்கு மனை நட்டிருந்த எல்லைக்கற்கள் பிடுங்கப்பட்டு முள்ளுக்காட்டில் குவிந்து கிடந்தன. மஞ்சளும் வெள்ளையும் பூசி, ஒவ்வொன்றிலும் எண் போட்ட கற்கள்.

பிரபாவதி அவரிடம் போய்க் கேட்டாள். அந்தக் கருமத்தை என் கண்ணில் படாமல் எடுத்துக்கொண்டு போனால் புண்ணியம் என்றார் அவர். டிராக்டர் வைத்து அள்ளிக்கொண்டு வந்தாள். கல்லைப் பாதி மண்ணில் புதைத்து, மேலே நிற்கிற பாதியோடு சவுக்குக் கம்பை வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினாள். கம்பு மண்ணைத் தொடவில்லை, கரையானுக்கு வேலை இல்லை. வரிசை வரிசையாகக் கல், கல்லுக்கு மேல் கம்பு, கம்புக்கு மேல் கம்பி வலை, வலை முழுக்கக் கொடி. அந்த வட்டாரத்தில் அப்படிப் பந்தல் போட்டவர் யாரும் இல்லை. மெச்சிக்கொள்ளவும் யாரும் இல்லை, அது வேறு விஷயம்.

பங்குனியில் காய் ஓய்ந்ததும் கொடியை அறுத்துப் போடுவாள். கம்புகளை அவிழ்த்து மோட்டார் கொட்டகையில் அடுக்குவாள், வெளியே விட்டால் அடுப்பெரிக்க யாராவது தூக்கிப் போய்விடுவார்கள். நிலத்தை உழுது சித்திரை வெயிலில் காயப் போடுவாள். அப்போது நிலத்தில் மிஞ்சுவது கல் மட்டும். மஞ்சள் வெள்ளைக் கற்கள், வரிசை பிசகாமல், எண்ணோடு. பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கி வந்து மனை என்ன விலை என்று கேட்டிருக்கிறார்கள்.

இந்த வருடம் அந்தச் சித்திரையில்தான் வரி வசூலிக்கும் ஜெபக்குமார் புதிதாகச் சேர்ந்த ஊர்களைக் கணக்கெடுக்கக் கிளம்பினான். நல்ல பிள்ளை, என் கடையில்தான் டீ குடிப்பான். பைக்கை விட்டு இறங்காமல் ரோட்டில் நின்றே செல்போனில் படம் எடுத்தான். பயிர் இல்லை, உழுத மண், எண் போட்ட கல். காலிமனை என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். அவனைத் திட்டி என்ன பயன்? அந்தக் காட்சியைப் பார்த்து விவசாயம் என்று எழுத அவனுக்கு ஞானக்கண்ணா இருக்கிறது?

அறிவிப்பு வந்ததும் குடும்பத்தில் கூத்தாடியவன் சுதாகர். அவன் திருப்போரூரில் நிலத் தரகு செய்கிறவன். அண்ணி சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் அறிவிப்பை எடுத்துக்கொண்டு போய், தன் கைக்காசைப் போட்டு மொத்த நிலத்துக்கும் வரியைக் கட்டிவிட்டு வந்தான். அவன் கணக்கு கோணல் கணக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் கழனியை மனை என்று காட்டி விற்க நினைக்கிறவர்கள் தாங்களாகவே வந்து காலிமனை வரி கட்டுவதுண்டு. வரி ரசீது கையில் இருந்தால் வாங்குகிறவனுக்குத் தைரியம் வரும்.

"அண்ணி, லச்சுமி தானா வூடு தேடி வந்துகீறா. கவர்மெண்டே மனைன்னு எழுதிக் குடுத்துட்டான். ஊர்ல ஒவ்வொருத்தன் இதுக்கு நாயா அலையறான்" என்றானாம்.

"நான் வெதைக்கறது எங்க?" என்று இவள் கேட்டாளாம்.

"இன்னும் எத்தினி நாளைக்கு அண்ணி மண்ண நோண்டிகினு கெடப்ப?"

அவன் கெட்டவன் இல்லை. அண்ணி வெயிலில் காய்வது அவனுக்கு உண்மையிலேயே வருத்தம்தான். வருத்தத்தோடு விலையும் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த வாரமே மின்வாரிய ஊழியர் ஒருவர் மோட்டாரைப் பார்த்துவிட்டுப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். விவசாயத்துக்கு என்று கொடுத்த இலவச மின்சாரம், நிலம் மனை என்று ஆகிவிட்டால் எப்படி நீடிக்கும், மேலே கேள்வி வரும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிரபாவதி பயந்தது அங்கேதான். மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் கொடி ஏறாது. இன்றைக்குக் காகிதத்தில் காலி என்று எழுதியது அடுத்த வருடம் மண்ணிலும் காலியாகிவிடும்.

"அவுங்க தப்பா எழுதினத நான் சும்மா வுட்டா, அதுவே உண்மையாயிடும் அண்ணாத்த" என்று என் கடையில் நின்று சொன்னாள். நான் மனுவை எழுதினேன். எழுதும்போது எனக்கு நம்பிக்கை இல்லை.

மனுவைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபக்குமார் என் கடைக்கே வந்தான், அவளும் இருந்தாள்.

"அக்கா, இத்த ஈஸியா முடிச்சுடலாம். அந்தக் கல்லையெல்லாம் புடுங்கிப் போடு. நான் வந்து ஒரு போட்டோ எடுத்துக்கறேன். கல் இல்ல, மனை இல்லன்னு எழுதிடறேன்."

நானும் அதுதான் புத்திசாலித்தனம் என்று தலையாட்டினேன். பிரபாவதி எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி, பயிரு வெக்கறதுக்குத்தான் அந்தக் கல்ல நட்டேன். பயிரு வெக்கறேன்னு காட்டறதுக்கு அத்தப் புடுங்கணுமா? புடுங்கிட்டு எதுல பந்தல் போடுவேன், உன் தலையிலயா?"

ஜெபக்குமார் டீயை வைத்துவிட்டுச் சிரித்துவிட்டான். எனக்கு அவள் மீது எரிச்சல்தான் வந்தது. வேலை முடிகிற நேரத்தில் வீம்பு பேசுகிறாளே என்று. பிறகு யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

செயல் அலுவலர் ஜானகிராமனைப் பார்க்கப் போனாள். என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள், கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். அவர் குரல் உயர்த்தாத மனிதர். விதியைப் படித்துக் காட்டினார். விவசாயத்தில் இருக்கும் நிலத்துக்கு விலக்கு உண்டு. கிராம நிர்வாக அலுவலரின் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் பதிவாகியிருக்க வேண்டும், நேரில் வந்து பார்ப்போம், உரிமையாளர் மனு கொடுக்க வேண்டும். எல்லாம் சரி என்று இவள் தலையாட்டினாள். அவர் பட்டா நகலைப் புரட்டினார்.

"இதுல வெங்கடேசன், சுதாகர்னு ரெண்டு பேர் இருக்கு. உங்க பேர் எங்கம்மா?"

பிரபாவதி பட்டா நகலை எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வந்தாதான் எடுத்துக்க முடியும். அதுலயும் ஒருத்தர் மனைன்னு ஒத்துக்கிட்டு வரியே கட்டியிருக்கார். உங்க மனுவை நான் எந்த அடிப்படையில வாங்கறது?"

அவர் சொன்னதில் தப்பே கிடையாது. அதனால்தான் அது அவ்வளவு வலித்தது. வெளியே வந்ததும் என் கடை நிழலில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"கல்யாணம் ஆன நாளா அந்த மண்ணுலதான் கெடக்கறேன். யாருன்னு கேக்கறாரு" என்றாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

சுதாகர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். என் பங்கை நான் ஏன் கழனி ஆக்க வேண்டும் என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது போல, விதி விலக்கு கொடுத்தும் வீடு கொடுக்கவில்லை. அன்றைக்கு அவர்கள் வீட்டில் நடந்ததை சுதாகரும் என்னிடம் சொன்னான், பிறகு பிரபாவதியும் சொன்னாள். இரண்டு பேரும் அநேகமாக ஒன்றையேதான் சொன்னார்கள் என்பதால் நம்பி எழுதுகிறேன்.

பாகம் பிரித்துவிடலாம் என்று முதலில் வாயைத் திறந்தவள் பிரபாவதி. அப்படியானால் ரோட்டோரப் பாதி எனக்கு என்றான் சுதாகர். பந்தல் இருப்பது அந்தப் பாதியில்தான். வண்டல் மண், மேட்டு நிலம், தண்ணீர் நிற்காது. உள்பாதி பள்ளம், களி, மழை பெய்தால் வாரக்கணக்கில் ஊறிக் கிடக்கும். மோட்டார் கொட்டகை மட்டும் உள்பாதியில் இருந்தது. ரோட்டோரம் போனால் விற்கிற காலத்தில் என்ன வித்தியாசம் வரும் என்பது எங்கள் ஊர்ப் பால்காரனுக்குக்கூடத் தெரியும்.

"எனக்கு விக்கற காலமே வேணாம். உள்பாதி குடு" என்றாள்.

அதுவரை ஒரு மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வெங்கடேசன் அப்போதுதான் பேசினானாம். அந்த மனிதன் பஸ்ஸில் ஆரன் அடிப்பதோடு சரி, வீட்டில் சத்தம் காட்டாதவன்.

"என் பாதிய உன் பேர்லயே எழுதிடறேன்."

சுதாகர் பதறிவிட்டான். "இன்னாண்ணே, அண்ணி பேர்ல எதுக்கு?"

"அந்த ஆபீசர் இவள யாருன்னு கேட்டாராமே. இன்னொரு வாட்டி எவனும் கேக்கக் கூடாது. நான் ஸ்டியரிங் புடிக்கறவன். அவ மண்ணு புடிக்கறவ."

இதை என்னிடம் சொல்லும்போது பிரபாவதி சாதாரணமாகத்தான் சொன்னாள். வெங்கடேசனை அதுவரை நான் ஒரு ஆளாகவே எண்ணியதில்லை.

பாகப்பிரிவினையும், மனைவி பேருக்கான செட்டில்மெண்டும் பதிவாயின. உட்பிரிவுக்கு மனு போட்டு, சர்வேயர் வந்து அளந்து, புதுப் பட்டாவுக்காக அவள் நடந்த நடையில் செருப்பு தேய்ந்தது. அதற்கிடையில் பந்தலை உள்பாதிக்கு மாற்ற வேண்டியிருந்தது. கடப்பாரையோடு அவள் ரோட்டோர நிலத்தில் இறங்கியதைப் பார்த்து சுதாகர் ஓடி வந்தான்.

"அண்ணி, கல்லு அப்படியே இருக்கட்டுமே. நட்டது நட்டபடி நம்பரோட கீது. எனக்குச் செலவு மிச்சம்."

"மண்ணு உன்னுது சுதாகரு. கல்லு என்னுது."

"வேற கம்பு வெச்சுக்கோயேன்!"

"நீ வேற கல்லு வாங்கிக்கோயேன்."

ஒவ்வொன்றாகத் தோண்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெங்கடேசனும் வந்தான். பஸ் ஓட்டி இடுப்பு செத்தவன் கல் தூக்கினால் எப்படி இருக்கும்? ஒரு கல்லுக்கு ஒரு பீடி என்று அவன் கணக்கு வைத்துக்கொண்டான், பீடிதான் முதலில் தீர்ந்தது. அண்ணி கல் தூக்குவதைக் கொஞ்ச நேரம் ரோட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சுதாகர், பொறுக்க முடியாமல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து ஒரு பக்கம் பிடித்தான். திட்டிக்கொண்டேதான் தூக்கினான். ஆனால் மாலை வரை தூக்கினான்.

பள்ளத்தில் மண்ணை அணைத்து உயரமாகப் பாத்தி கட்டி, வடிகால் வெட்டி, ஆடியில் விதை போட்டாள். முளைத்து மூன்று இலை விட்ட சமயத்தில் கொட்டியது ஒரு மழை. வடிகால் நிரம்பிப் பாத்தி முழுகியது. நாற்று வெந்த கீரை போலக் கிடந்தது. ஊரில் நாக்குகள் கிளம்பின. ரோட்டோரத்தை விட்டுவிட்டுச் சேற்றை வாங்கினாள் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவள் வடிகாலை இன்னும் ஆழமாக வெட்டிவிட்டு மறுபடி விதைத்தாள்.

பேரூராட்சியிலிருந்து நேரில் பார்க்க வருகிறோம் என்று தகவல் வந்தது அந்தச் சமயம் பார்த்துத்தான். புதுப் பட்டா வந்துவிட்டது, அவள் பேரில். மனுவும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கொடி முழங்கால் உயரம்கூட இல்லை. ஏற்பாடாகிவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டேன். அவள் நேரே செயல் அலுவலர் அறைக்குப் போய்விட்டாள், நான் பின்னால் ஓடினேன்.

"சார், இப்ப வராதீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா, நீங்கதானே மனு கொடுத்தீங்க?"

"இப்ப வந்தா திரும்பவும் கல்லுதான் சார் கண்ணுல படும். காலின்னு எழுதிடுவாங்க. பந்தல் ஏறட்டும். நான் வந்து கூப்புடறேன்."

"ஆய்வுக்கு நீங்க நாள் குறிப்பீங்களா?"

"பொண்ணு பாக்க வர்றவங்களுக்குப் பொண்ணு வூட்டுல நாள் சொல்றதில்லையா சார்?"

நான் சுவரோரம் ஒட்டிக்கொண்டேன். இன்றோடு இந்த அலுவலகத்தில் என் மரியாதை போயிற்று என்று நினைத்தேன். ஜானகிராமன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். மீசைக்குள் சிரித்தாரோ என்னவோ, புரட்டாசி முடிவதற்குள் சொல்லுங்கள், அதற்கு மேல் தள்ள முடியாது என்று மட்டும் சொன்னார்.

புரட்டாசி கடைசியில், பருவமழை தொடங்குமுன், அவள் வந்து கூப்பிட்டாள். அலுவலர், ஜெபக்குமார், நான், மூன்று பேரும் போனோம். ரோட்டோரம் சுதாகரின் பாதியில் புதுக் கற்கள், புதுப் பலகை. மனை விற்பனைக்கு என்று அவனுடைய செல்போன் எண்ணோடு நின்றது. அதைத் தாண்டி வரப்பில் நடந்து உள்ளே போனால் பந்தல். குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. மேலே இலைக்கூரை, கீழே பச்சை நிழல், சுற்றிலும் தொங்குகிற புடலங்காய்கள். நீளமாக, நேராக, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சின்னக் கூழாங்கல் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். சுருளாமல் நேராக வளர அப்படித்தான் கட்டுவது.

ஜெபக்குமார் நிமிர்ந்த வேகத்தில் ஒரு கூழாங்கல் அவன் நெற்றியில் தட்டியது.

"இன்னாக்கா, இதுலயும் கல்லா!"

"இதுக்கும் வரி போட்டுடாத தம்பி."

அலுவலர் சத்தமாகவே சிரித்துவிட்டார். ஒவ்வொரு வரிசையாக நடந்தார். ஒரு கல்லின் பக்கத்தில் குந்தி, மங்கிப்போன மஞ்சள் பெயின்ட்டையும் எண்ணையும் தடவிப் பார்த்தார். அதில் கட்டியிருந்த கம்பை அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. அடங்கலை வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் எழுந்து நின்றவர் உடனே எழுதவில்லை.

"அம்மா, இன்னைக்கு நான் பார்த்தது விவசாயம்தான். சித்திரையில வேற யாராவது வந்தா இதே நிலம் காலியாத்தானே தெரியும்?"

பிரபாவதி ஒரு புடலையை அறுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சமும் தயங்கவில்லை.

"சித்திரையில காலியா காயப் போட்டாத்தான் சார் ஆடியில வெளையும். காயறதும் வெவசாயம்தான். அது உங்க விதியில கீதா, இல்லையா, எனக்குத் தெரியாது."

அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து அங்கேயே, ஒரு மனைக்கல்லின் தலைமீது காகிதத்தை வைத்து எழுதினார். கோடையில் உழவுக்காக நிலம் தரிசாக விடப்படுவதும் சாகுபடியின் பகுதியே என்று ஒரு வரி சேர்த்திருந்தார். இந்த வேலையில் நான் எத்தனையோ குறிப்புகளை நகல் எடுத்திருக்கிறேன், ஒன்றைப் படித்து மனம் நிறைந்தது அன்றைக்குத்தான்.

ஐப்பசியில் உத்தரவு வந்தது. சுதாகர் கட்டிய பணத்தை அவனுடைய பாதிக்கே வரவு வைத்துவிட்டார்கள். அவனுக்கு அதில் வருத்தமில்லை, அவன் கேட்டது அதைத்தானே. மின்சாரத்தைப் பற்றி அப்புறம் யாரும் கேள்வி கேட்கவில்லை. பிரபாவதி காய்க்கூடையோடு என் கடைக்கு வந்தாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஜெபக்குமார்தான் உத்தரவை அவளுக்குப் படித்துச் சொன்னான். கடைசிப் பத்தி வந்ததும் அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"அக்கா, ஒண்ணு கீது. இது ஒரேயடியா இல்ல. வெவசாயம் நடக்கற வரைக்கும்தான். வருசா வருசம் நீ அடங்கலோட வந்து எழுதிக் குடுக்கணும். நாங்க வந்து பாக்கணும். ஒரு வருசம் வுட்டேன்னு வெச்சுக்க, திரும்பவும் மனைதான். பேஜாரு புடிச்ச வேலை."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை அலைந்தவளுக்கு ஒரே ஒரு வருடத்துக்கா விலக்கு, பங்கைப் பிரித்து, நல்ல மண்ணை விட்டு, கல்லைச் சுமந்தவளுக்கு இதுதானா என்று அவனிடம் கத்தினேன். மேல்முறையீடு எழுதலாம் என்று காகிதத்தைக்கூட எடுத்துவிட்டேன்.

பிரபாவதி என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி மேசையிலேயே வைத்தாள். உத்தரவை மடித்துக் கூடைக்குள், காய்க்கு அடியில் நனையாமல் செருகினாள்.

"கத்தாத அண்ணாத்த. ஒரு வாட்டி வெதைச்சிட்டு ஆயுசுக்கும் அறுக்கறவ எவ கீறா? வருசா வருசம் வெதைக்கறேன். வருசா வருசம் வந்து சொல்றேன்."

கூடையைத் தலையில் ஏற்றச் சொன்னாள். ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் ஜெபக்குமாரும் பிடித்துத் தூக்கிவிட்டோம். மாமல்லபுரம் பஸ் வந்து நின்றது, ஏறிப் போய்விட்டாள்.